கானாவின் மூலிகை மதுவை ஊறவைக்கும் முறை

எண்ணெய்ப்பனைக் கள்ளிலிருந்தோ கரும்புச்சாற்றிலிருந்தோ வடிக்கப்படும் அக்பெடெஷி என்னும் சாராயத்தில் வேரும் பட்டையும் நெற்றும் ஊறவைத்துக் குடிப்பது கானாவில் நெடுங்கால வழக்கம். பிரிட்டிஷ் ஆட்சியில் தடைசெய்யப்பட்டு மறைவாகக் குடிக்கப்பட்டதால், ஒளிந்துகொள்வதைக் குறிக்கும், கானாவின் கா என்னும் மொழிச் சொல்லே அதன் பெயராயிற்று.

முதலில் சாராயத்தை உரிமம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்க வேண்டும். நைஜீரியாவில் 2015-இல் நச்சான மெத்தனால் கலந்த ஒகோகொரோ என்னும் உள்ளூர்ச் சாராயத்தைக் குடித்துப் பலர் இறந்தனர், மெத்தனாலை நாவால் கண்டறியவும் முடியாது.

750 மில்லி சாராயத்துக்கு, நான்கு சிறகுகள் கொண்ட பிரெகெசே நெற்றில் விரலளவுத் துண்டு ஒன்றும், சீத்தாக் குடும்பத்தைச் சேர்ந்த ஹ்வென்டியாவின் உலர்ந்த காய்கள் ஐந்தும் போதும். ஹ்வென்டியாவின் மணம் தோலில்தான் உள்ளது, விதை கசக்கும். ஆகவே காயை இலேசாக நசுக்கி விதைகளை உதறிவிடுவது நல்லது. காரம் விரும்புவோர் ஏலக்காயின் உறவான மெலகெட்டா மிளகைச் சிறிது சேர்க்கலாம். அனைத்தையும் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வெயில் படாமல் பத்து நாள் வைத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும்.

பசியைத் தூண்டும் என நம்பிச் சிறு கிண்ணத்தில் அருந்துவர். கருவுற்றோரும் மருந்து உட்கொள்வோரும் இதைத் தவிர்க்க வேண்டும்.