நீண்ட மர்மத் தொடரைத் தொடங்குமுன்: முடிவு நம் நேரத்துக்கு ஈடாகுமா என்று அறியும் வழி

ஒரு நீண்ட மர்மத் தொடரைப் பார்க்கலாமா என்று யாரிடமாவது விசாரித்தால், பேச்சு விரைவிலேயே "கடைசியில் எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறார்களா?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். இலங்கையின் மலையகத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைக் கூட்டத்துக்கு, நிற்க வேண்டியவருக்கும், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடை திறப்பதற்காக முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கும் இரவில் மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தை எந்தத் தொடருக்குக் கொடுக்கலாம் என்பதை, முடிவை முன்கூட்டித் தெரிந்துகொள்ளாமலேயே பெரும்பாலும் சரியாகத் தீர்மானித்துவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான வழிகளையே இங்கு எழுதுகிறேன். எந்தத் தொடரின் முடிவையும் இங்கு வெளியிடவில்லை. ஆகவே அச்சமின்றி வாசிக்கலாம்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசையில் 2004 முதல் 2010 வரை ஆறு சீசன்களாக ஒளிபரப்பான 'லொஸ்ட்' தொடரில் ஏறத்தாழ 120 எபிசோட்கள் உள்ளன. ஒன்றுக்குச் சுமார் 42 நிமிடம் என்று கொண்டால் மொத்தம் 84 மணி நேரம். இரவுக்கு ஒரு மணி நேரமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்று மாதம். நடுத்தரத் தெளிவில் இணையத்தில் பார்க்க மணிக்கு ஒரு ஜிகாபைட் வரை டேட்டா செலவாகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கைத்தொலைபேசிக்குப் பொதி போட்டுப் பார்ப்பவருக்கு இது சிறிய செலவல்ல. இதற்கு மாறாக, 2017இல் தொடங்கி 2020இல் நிறைவெய்திய ஜேர்மன் தொடரான 'டார்க்' 26 எபிசோட்களில் முடிகிறது. தமிழில் புஷ்கர், காயத்ரி இணையர் உருவாக்கிய 'சுழல்' தொடரின் முதல் சீசன் எட்டே எபிசோட்கள். எட்டு எபிசோட் தொடரின் முடிவு சுமாராக இருந்தாலும் மனம் பெரிதாக நோகாது. நூறைத் தாண்டிய தொடர்தான் நம்மிடம் பெரிய கடனை வாங்குகிறது. அது அதைத் தீர்க்கக்கூடியதா என்று முதலிலேயே விசாரிப்பதில் தவறில்லை.

அடுத்து, அந்தத் தொடர் முடிக்கப்பட்டதா, நிறுத்தப்பட்டதா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. படைப்பாளிகளே முடிவு நாளைக் குறித்துக்கொண்டு எழுதிய தொடருக்கும், பார்வையாளர் எண்ணிக்கை சரிந்ததால் அலைவரிசை கைவிட்ட தொடருக்கும் கடைசி எபிசோடில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தெரியும். 'டார்க்' மூன்று சீசன்கள் என்ற திட்டத்தோடு அமைந்தது; அதன் இறுக்கத்துக்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். 'லொஸ்ட்' அவ்வாறு தொடங்கவில்லை. எப்போது முடியும் என்பது தெரியாமலே ஏறத்தாழ மூன்று சீசன்கள் ஓடிய பிறகு, 2007 மே மாதத்தில்தான் 2010இல் முடிப்பது என்றும், மீதம் 48 எபிசோட்கள் என்றும் அறிவித்தார்கள். மூன்றாவது சீசனின் முற்பகுதியில் கதை ஓரிடத்தில் நின்று சுற்றுவதையும், அறிவிப்புக்குப் பிந்திய நான்காவது சீசன் வேகமெடுப்பதையும் கவனித்தால், முடிவு நாள் ஒன்று இருப்பது கதைக்கு எவ்வளவு வலுச் சேர்க்கிறது என்பது விளங்கும்.

'ட்வின் பீக்ஸ்' தொடரின் கதை இன்னும் கசப்பானது. லோரா பாமர் என்ற மாணவியைக் கொன்றவர் யார் என்ற கேள்வியோடு 1990 ஏப்ரலில் அது தொடங்கியது. அந்த விடையை அவசரமாக வெளியிட தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் லின்ச் விரும்பவில்லை. ஆனால் அலைவரிசையின் அழுத்தத்தால் இரண்டாவது சீசனின் நடுவிலேயே கொலையாளி வெளிப்பட்டார். அத்தோடு தொடரைத் தாங்கி நின்ற கேள்வி தீர்ந்துபோனது, பார்வையாளர்கள் விலகினார்கள், 1991இல், புதிய சிக்கலொன்றின் நடுவில் தொடர் நின்றது. விடை கிடைப்பதே வெகுமதி என்று எண்ணுவோர் இதை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். இங்கே விடை கிடைத்தது, தொடர்தான் பிழைக்கவில்லை. விடையை மறுப்பதும் ஆபத்தே. டென்மார்க்கில் 2007இல் வெளியான கொலை விசாரணைத் தொடரொன்று தன் 20 எபிசோட்களுக்குள் வழக்கைத் தீர்த்தது. அதைத் தழுவி 2011இல் அமெரிக்காவில் வந்த 'த கில்லிங்', முதல் சீசனின் கடைசி எபிசோடிலும் கொலையாளியைச் சொல்லாமல் அடுத்த ஆண்டுக்குத் தள்ளியபோது பார்வையாளர்கள் கடுமையாகக் கோபம் கொண்டார்கள். அந்தக் கோபம் நியாயமானதென்றே நினைக்கிறேன். தொடங்கும்போது கொடுத்த வாக்கை நடுவழியில் மாற்றினால் யாருக்கும் பொறுக்காது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதில் மிக முக்கியமானது, தொடர் கொடுக்கும் வாக்கு எது என்று கண்டுபிடிப்பது. முதல் இரண்டு எபிசோட்களைப் பார்த்துவிட்டு, "இது எதை அறியும்படி என்னைத் தூண்டுகிறது?" என்று ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். "யார் செய்தது?", "காணாமற்போன பெண் எங்கே?" என்று எழுத முடிந்தால், அதற்கு ஒரு விடை இருக்கிறது, தொடர் அந்த விடையைத் தராமல் தப்ப முடியாது. 'சுழல்' இந்த வகை. சீமெந்துத் தொழிற்சாலைத் தீயும் காணாமற்போன ஒரு சிறுமியும் முதல் சீசனின் கேள்விகள். அந்தச் சீசனுக்குள்ளேயே வழக்கு தீர்கிறது. 2025இல் வந்த இரண்டாவது சீசன் வேறொரு வழக்கை எடுத்துக்கொள்கிறது. தொண்ணூறுகளில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' தொடரும், இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்திலும் நாகாவின் இயக்கத்திலும் தனித்தனிக் கதைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்குரிய முடிவைக் கொண்டிருந்தது. முடிவில் ஏமாறுவோமோ என்று அஞ்சுபவர்கள் இத்தகைய அமைப்பிலிருந்து தொடங்குவது நல்லது.

"இந்த இடம் என்ன?", "இந்த உலகம் எப்படி இயங்குகிறது?" என்று உங்கள் வசனம் அமைந்தால், எதிர்பார்ப்பை வேறு விதமாக அமைத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய கேள்விக்கு முழு விடை வருவது அரிது. வந்தாலும் கேள்வியளவுக்கு அது பெரிதாகத் தோன்றாது. 'லொஸ்ட்' முடிவைப் பற்றிய வாக்குவாதம் இன்றுவரை ஓயாததற்குக் காரணம் இதுவே. விமானம் விழுந்து தீவில் தனித்துவிடப்பட்ட மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று பார்த்தவர்கள் கடைசி எபிசோடில் கண் கலங்கினார்கள். தீவின் புதிர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக் காத்திருந்தவர்கள் வெறுங்கையோடு எழுந்தார்கள். இரு தரப்பினரும் பார்த்தது ஒரே எபிசோட். என் தீர்ப்பைக் கேட்டால், அந்த முடிவு மனிதர்களுக்கு நேர்மையாகவும் புதிர்களுக்குக் குறையாகவும் இருக்கிறது. மனிதர்களுக்காகப் பார்ப்பவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆறாவது எபிசோட் வரை வந்தபின் இன்னொரு சோதனை செய்யலாம். அதுவரை எழுந்த சிறிய கேள்விகளில் எத்தனைக்கு விடை வந்திருக்கிறது என்று பாருங்கள். நல்ல மர்மத் தொடர் பெரிய கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே சிறியவற்றைத் தீர்த்துக்கொண்டு செல்லும்; ஒவ்வொரு விடையும் முன்னர் பார்த்த ஒரு காட்சிக்குப் புதிய பொருள் தரும். கேள்விகள் பெருகிக்கொண்டே போய் ஒன்றுமே தீராமல் இருந்தாலோ, ஒவ்வொரு எபிசோடும் கடைசி நிமிடத்தில் ஓர் அதிர்ச்சியைக் காட்டி அடுத்ததன் தொடக்கத்தில் அதை ஒன்றுமில்லாததாக்கினாலோ, முடிவிலும் அதுவே நடக்கும் என்று கொள்ளலாம். இரண்டாவது குறையை நான் மன்னிப்பதில்லை.

பார்க்கத் தொடங்கியபின் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக் களைப்பில் இரண்டு நாள் இடைவெளி விட்டுப் பார்க்கும்போது துப்புகள் மறந்துபோகும். முடிவு புரியவில்லை என்ற குறையில் பாதி இந்த மறதியால் வருவது. 'டார்க்' போன்ற, நான்கு குடும்பங்களின் பல தலைமுறைகள் பின்னிய தொடருக்கு இது கட்டாயம். அதில் நம் உறவுமுறைச் சொற்கள் பெரிதும் உதவும். ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் இன்னாரின் தாய்மாமன், இன்னாரின் சின்னம்மா என்று எழுதிவைத்தால், ஆங்கில உபதலைப்பில் (சப்டைட்டிலில்) மங்கலாகப் போகும் உறவு உடனே தெளிவாகிவிடும்.

முடிவு முன்கூட்டியே காதில் விழுந்துவிட்டால் என்ன செய்வது? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சு நம் வீட்டுக்குள் கேட்கும். யாராவது முந்திப் பார்த்துவிட்டால் மறைப்பது கடினம். "யார்?" வகைத் தொடரென்றால் ஒன்றாக அமர்ந்து பார்க்க ஏற்பாடு செய்வதே வழி. மற்ற வகைக்கு இது அவ்வளவு பெரிய இழப்பல்ல. மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தில் மன்மதன் எரிவான் என்பதும், பின்னர் எழுவான் என்பதும் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். இருந்தும் ரதியின் புலம்பலுக்காக விடிய விடியச் சனம் நிற்கிறது. முடிவு தெரிந்தும் பார்க்கத் தூண்டுகிற தொடருக்கு அதன் கடைசி எபிசோடைவிட ஆழமான பலம் ஒன்று இருக்கிறது.

இடையில் நிறுத்த நேர்ந்தால், சீசன் ஒன்றின் இறுதியில் நிறுத்துங்கள். பெரும்பாலான தொடர்கள் அங்கே ஒரு சிறு நிறைவையாவது தரும். முழுவதும் பார்த்து முடித்தவர் அன்றிரவே தீர்ப்புச் சொல்லாமல், முதல் எபிசோடை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் சாதாரணமாகத் தோன்றிய பார்வையும் பேச்சும் இப்போது வேறு பொருள் கொள்கின்றன என்றால், அந்தத் தொடர் உங்கள் மூன்று மாதத்தைத் திருப்பித் தந்துவிட்டது.