பழைய ட்ரெஸோர் பாட்டில் கிடைத்தால் செய்யக் கூடாதவை

அம்மாவின் பீரோவிலிருந்தோ, துபாயிலிருந்து பெரியப்பா எப்போதோ கொண்டுவந்த பெட்டியிலிருந்தோ ஒரு பழைய சென்ட் பாட்டிலைக் கண்டெடுத்து, "இது நல்லா இருக்கா பாருங்கக்கா" என்று வருகிற பெண்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். பெரும்பாலும் லாங்கோம் நிறுவனத்தின் ட்ரெஸோர், இல்லையென்றால் டியோர் நிறுவனத்தின் பாய்ஸன். முன்னது சோஃபியா குரோய்ஸ்மன் செய்தது, 1990இல் வந்தது. பின்னது எட்வார் ஃப்ளேஷியே செய்தது, 1985. இரண்டும் பழமும் பூவும் சேர்ந்த வகை, இரண்டிலும் இப்போதைய சென்ட்டுகளில் இல்லாத அடர்த்தி உண்டு. எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த பிழைகளையே இவர்களும் செய்கிறார்கள். வெயில் படும் சன்னலில் வைக்காதே, மணிக்கட்டைத் தேய்க்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் மூச்சிலேயே தீர்ப்புச் சொல்வது

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. தெரிந்த பெண் ஒருத்திக்கு அவள் அத்தையின் ட்ரெஸோர் கிடைத்தது. தொண்ணூறுகளில் வாங்கியது, பாதிக்கு மேல் இருந்தது. கையில் ஒருமுறை அடித்தாள், உடனே மூக்கருகே கொண்டுபோனாள். "கெட்டுப்போச்சுக்கா, நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி அடிச்சுது" என்று பிறகு என்னிடம் சொன்னாள். பாட்டில் அழகாக இருக்கிறதே, ஷோகேஸில் வைக்கலாம் என்று ஸ்ப்ரே தலையைக் குறடால் நெம்பி எடுத்து, உள்ளே இருந்ததை வாஷ்பேசினில் கொட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் நான் போனபோது வீட்டு வாசலிலேயே பீச் பழமும் ரோஜாவும் மணந்தன. துளிக்கூடக் கெடாத ட்ரெஸோர், வாஷ்பேசினிலிருந்து வீடு முழுக்கப் பரவியிருந்தது. அத்தனை கோபம் எனக்கு ஒரு சென்ட்டுக்காக அதற்கு முன் வந்ததில்லை.

நடந்தது என்னவென்றால், ஸ்ப்ரே பாட்டிலின் மெல்லிய குழாயிலும் பம்ப்பிலும் கொஞ்சம் திரவம் ஆண்டுக்கணக்கில் தனியாகத் தேங்கி நிற்கும். மற்றதைவிட முதலில் கெடுவது அதுதான். பல வருடம் தொடாத பாட்டிலை அழுத்தினால் முதலில் வெளியே வருவதும் அதுவே. அதைத் தோலில் அடித்து முகர்ந்துவிட்டு பாட்டில் முழுவதும் கெட்டது என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். முதல் சில அடிகளைப் பழைய துணியிலோ டிஷ்யூவிலோ விட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் முதல் சில நிமிடங்கள் கொஞ்சம் கோணலாக இருக்கலாம். ஆரஞ்சு, பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழம் போன்றவற்றின் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து சீக்கிரம் மாறிவிடும். அவைதான் முதலில் ஆவியாகிற பகுதியும். ஆனால் பீச் மணம் தருகிற காமா-அன்டெகாலாக்டோன் எளிதில் அசைவதில்லை. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டால் நாள்கணக்கில் நிற்கும். அடியில் இருக்கும் கஸ்தூரி வகைகளும் அப்படித்தான். மேலே இருப்பது போனாலும் ட்ரெஸோரின் உடல் போகவில்லை.

அதனால் காகிதத்தில் அடித்துவிட்டு எழுந்து போய் வேறு வேலை பாருங்கள். அரை மணி நேரம் கழித்து ஒருமுறை, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை முகருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் புளித்த காடியோ சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயோதான் தெரிகிறது என்றால் அது கெட்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு மணி நேரம் பொறுக்காமல் கொட்டாதீர்கள். அன்றைக்கு அந்த வீட்டில் போனது காசு கொடுத்தாலும் கடையில் திரும்பக் கிடைக்காத பொருள்.

புதிய பாட்டிலை வாங்கி "அதேதான்" என்று நினைப்பது

பெயர் அதே, பாட்டில் வடிவமும் ஏறக்குறைய அதே, உள்ளே இருப்பது வேறு. நிறுவனங்கள் ஏமாற்றுகின்றன என்று இதற்குப் பொருளில்லை, சட்டம் மாறிவிட்டது. அல்லி போன்ற ஈர மலர் மணத்துக்காகப் பல சென்ட்டுகளில் சேர்க்கப்பட்ட லைரால், ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஆகஸ்ட் முதல் விற்பனையிலேயே இருக்கக் கூடாது என்று ஆனது. அதே போன்ற மணம் தருகிற லிலியாலுக்கு 2022 மார்ச்சில் தடை வந்தது. பிளம் பழ மணம் தருகிற, பாய்ஸனின் உயிரான டாமஸ்கோன்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. புதியதை முகர்ந்துவிட்டுப் பழையதைப் பற்றிப் பேசக் கூடாது. ஒவ்வாமை உள்ளவர்கள் பழையதை நேராகத் தோலில் அடிக்கவும் கூடாது. பருத்தித் துணியில் அடித்துக்கொள்ளுங்கள்.

மணம் போய்விட்டது என்று மறுபடி அடிப்பது

ட்ரெஸோரில் ஏறத்தாழ 80 விழுக்காடு நான்கே பொருள்கள் என்பது இந்தத் துறையில் பலரும் அறிந்த செய்தி: கஸ்தூரி மணத்துக்குக் கேலக்ஸோலைட், மர மணத்துக்கு ஐசோ ஈ சூப்பர், மல்லிகைச் சாயலுக்கு ஹெடியோன், வயலட் பூ மணத்துக்கு மெத்தில் அயோனோன். இவற்றில் கேலக்ஸோலைட் போன்ற கஸ்தூரிகள் சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. அயோனோன் எட்டும், சற்று நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிப்போகும், பிறகு திடீரென்று திரும்பத் தெரியும். உங்களுக்குத் தெரியாத அந்த நேரத்திலும் பக்கத்தில் இருப்பவருக்கு முழுதாகத் தெரிந்துகொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் வீட்டில் வேறொருவரைக் கேளுங்கள், பாட்டிலை எடுக்காதீர்கள்.

பாய்ஸனில் இன்னும் கவனம் வேண்டும். எண்பதுகளில் அமெரிக்க உணவகங்கள் சிலவற்றில் பாய்ஸன் அணிந்து வர வேண்டாம் என்று பலகை வைத்தார்கள் என்பார்கள். இன்றைய பாடி மிஸ்ட் போல எட்டு பத்து முறை அடித்துக்கொள்ள அது செய்யப்படவில்லை. சென்னை மே மாதத்தில் ஒரே ஒரு அடி, அதுவும் முழங்காலுக்குப் பின்னால். கழுத்தில் வேண்டாம், வெக்கையில் அது நேராக உங்கள் முகத்துக்கே ஏறிவந்து தலைவலி கொடுக்கும்.

பட்டுப் புடவையில் அடிப்பது

கறை விழும். போகாது.

பழையதில் புதியதை ஊற்றி நிரப்புவது

கூடவே கூடாது.

பழம் எங்கே, பூ எங்கே என்று பிரித்துத் தேடுவது

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. "பீச்னு சொன்னீங்க, பீச் ஜூஸ் மாதிரி இல்லையே" என்பார்கள். இப்போது வருகிற சென்ட்டுகளில் பழம் முன்னால் நிற்கும், தித்திக்கும், அரை மணியில் போய்விடும். ட்ரெஸோரில் பீச் ரோஜாவுக்குள் இருக்கிறது. பழத்தின் சாறு தெரிவதைவிட அதன் தோலில் இருக்கும் மெல்லிய ரோமம்தான் தெரியும். 1919இல் வந்த, கெர்லேன் நிறுவனத்தின் மிட்சுகோ என்ற சென்ட்டிலேயே பீச் மணம் தருகிற அந்த லாக்டோன் உண்டு. அங்கே அது ஓக் மரப் பாசியோடு சேர்ந்து நிழலாகிறது, இங்கே ரோஜாவோடு சேர்ந்து வெயிலாகிறது.

பாய்ஸனில் கருநீலப் பிளம் பழமாக எழுந்து வருவது பெரும்பாலும் டாமஸ்கோன். அது ரோஜா எண்ணெயிலேயே துளியளவு இருக்கிற பொருள். நம் ஜாதிமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மணத்தில் பெரும்பங்கு பென்சைல் அசிடேட். தனியாக முகர்ந்தால் வாழைப்பழத்தின் சாயல் வரும். பாய்ஸனின் மையத்தில் இருக்கும் சம்பங்கியிலும் லாக்டோன்கள் உண்டு. பழமும் பூவும் இயற்கையிலேயே ஒன்றுக்குள் ஒன்று கிடப்பவை. இந்த இரண்டு சென்ட்டுகளும் அதைப் பெரிதாக்கிக் காட்டுகின்றன. பூக்கடையில் புதிதாக வந்த சம்பங்கி ஒரு கொத்து வாங்கிவந்து, பாய்ஸன் அடித்த காகிதத்தையும் அதையும் மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். முகர்கிற அன்று தலையில் பூ வைக்காதீர்கள், இரண்டும் குழம்பும்.

நிறத்தைப் பார்த்து வாங்குவதும் விடுவதும்

நிறம் கறுத்திருக்கிறது என்று நல்ல பாட்டிலைக் கைவிட்டவர்கள் உண்டு. வனிலா மணம் தருகிற வனிலின் நாளாக ஆகக் கறுக்கும். பூ வாசனைக்குச் சேர்க்கும் மெத்தில் ஆந்த்ரனிலேட், ஆல்டிஹைடு என்ற வகை மணப்பொருள்களோடு கூடினாலும் நிறம் ஆழமாகும். இவை கெட்டதற்கு அடையாளமாகா. அட்டைப்பெட்டி இருக்கிறதா, திரவத்தின் மட்டம் எவ்வளவு, பாட்டில் எங்கே இருந்தது என்பவற்றைப் பாருங்கள். கண்ணாடி அலமாரியில் விளக்குக்குக் கீழே நின்றது என்றால் நான் வாங்குவதில்லை. பீரோவின் கீழ்த்தட்டில், பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்றால், நிறம் தேனைப் போல இருந்தாலும் விலையைக் கேட்பேன்.