மலையகத்தில் மண்வெட்டி பிடிக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற நம்மவர்களில் பலர் எல்லவில் பாலத்தைப் படம் பிடித்துவிட்டு அப்படியே கொழும்புக்கு இறங்கிவிடுவார்கள். பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கையோடு ஒத்துப்போகும் நிலைத்த வேளாண்மை, பழக ஆசை இருந்தால் மலையில் ஒரு பத்து நாள் கூடுதலாக நில்லுங்கள். சரிவு நிலத்தைப் பண்படுத்துவது வீடியோ பார்த்து வருகிற வேலை இல்லை.

முதலில் மாதம். ஜூலை, ஓகஸ்டில் வருகிறவர்கள் ஊவா மாகாணத்துப் பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடைப் பக்கம் போகலாம். அப்போது மேற்குச் சரிவிலுள்ள ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தென்மேற்குப் பருவமழை. ஊவாவிலோ காய்ந்த காற்று. கோடு போட்டுக் கான் (வடிகால்) வெட்ட அதுதான் தோதான காலம். ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கும்போது நடுவார்கள். அதைப் பார்க்க நீங்கள் இருக்கமாட்டீர்கள், அது வேறு கதை. தைப்பொங்கலுக்கு வருகிறவர்களுக்குக் கணக்கு தலைகீழ்: ஊவாவில் மழை இருக்கும், மேற்குச் சரிவு வெளிக்கும்.

முதல் நாளே ‘ஏ’ சட்டம் ஒன்று கட்டப் பழகுங்கள்; சரிவில் மட்டம் பார்க்கும், ஆங்கில A வடிவக் கம்புச் சட்டம் அது. ஆளுயரத்தில் சம நீளமான இரண்டு கம்புகள், நடுவில் ஒரு குறுக்குக் கம்பு, உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கும் ஒரு கல். சட்டத்தை நிறுத்திக் கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு புள்ளிகளில் வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில்தான் சரியான மட்டம். கயிறு அந்த நடுக்கோட்டில் நிற்கும்படி சட்டத்தை நடத்திக்கொண்டு போய், ஒவ்வோர் அடிவைப்பிலும் குச்சி ஊன்றினால் சமமட்டக் கோடு கிடைத்துவிடும்.

நான் முதல் தடவை போனபோது அந்தக் கோட்டிலேயே ஆழமாக வாய்க்கால் தோண்டி மழைநீரைத் தேக்கப் பார்த்தேன். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணிய மலைக்குள்ள அடைச்சு வச்சா மலையே எறங்கிரும்” என்றார். மிகையான பேச்சில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மழையில் ஊறிய மலை இறங்கித்தான் தோட்டத் தொழிலாளரின் லயங்களை (வரிசை வீடுகளை) மூடியது. நான் தோண்டியதை மூடச் சொல்லிவிட்டு அவர் காட்டியது தோட்டத்துக் கான். இலேசான சாய்வு, இடையிடையே உயரம் குறைந்த மண் தடுப்புகள். தண்ணீர் தடுப்பில் தயங்கி, வண்டலை விட்டுவிட்டு, வழிந்து போகும். அந்த வண்டலை மேல்பக்கம் வாரிப் போட வேண்டும். செங்குத்தான சரிவில் தேக்குவதை விட இதுவே புத்தி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் மண்வெட்டியையே தொடாதீர்கள்.

மண்ணுக்கு உயிர் கொடுக்கிற வேலையையும் அங்கேயே பார்க்கலாம். தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே புதுக்கன்று நடமாட்டார்கள். மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, வெட்டி வெட்டி அங்கேயே போட்டு, 18 முதல் 24 மாதம் மண்ணை ஆறவிடுவார்கள். வெளிநாட்டில் காசு கட்டி ‘மூடாக்கு’ வகுப்புக்குப் போனவர்களுக்கு இது கொஞ்சம் உறைக்கும். வழியோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியும் நல்ல பசளை. தழைப் பசளைக்கு நடும் கிளிரிசிடியா மர வேலியை நுவரெலியாக் குளிரில் நம்பாதீர்கள். பதுளை போன்ற தாழ்ந்த, வெக்கையான பக்கங்களுக்குத்தான் அது சரி.

அட்டைக்கு உப்பும் நீளக் காலுறையும். குளவிக்கூடு கண்டால் சத்தமில்லாமல் திரும்புங்கள். விதை, கன்று எதையும் அனுமதியில்லாமல் பெட்டியில் கொண்டுவரக் கூடாது, 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சப்பாத்து மண்ணையும் கழுவிவிட்டு வாருங்கள். லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறித் துண்டு பெரும்பாலும் அதைச் செய்கிறவரின் பெயரில் இருக்காது. ஆகவே மரம் நட முன் காணி யாருடையது என்று கேளுங்கள். உங்களுக்குக் கற்றுத்தர ஒருவர் வேலைக்குப் போகாமல் நின்றால், அன்றைய பேர் (நாட்கூலி) அவருக்கு விழாது. சொக்லேட்டோடு முடிக்காமல் அந்தக் காசைக் கையில் கொடுங்கள்.

‘ஏ’ சட்டத்தை அங்கேயே விட்டு வாருங்கள். நான் விட்டு வந்ததில் இப்போது போஞ்சிக்கொடி ஏறியிருக்கிறதாம்.