கருவின் வயிற்றுப் பகுதியை ஸ்கேனில் படிக்கும் முறை
முதலில் கருவின் தலையும் முதுகும் எந்தப் பக்கம் உள்ளன என்று பார்த்து, அதன் இடது பக்கத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் திரையின் இடப்புறத்தையே நம்பி, உறுப்புகள் இடம் மாறியிருப்பதைத் தவறவிடுவது இங்கேதான். வயிற்றின் குறுக்குவெட்டு வட்டமாக அமைந்து, கருவின் இடப்புறம் கருங்குமிழாக இரைப்பையும், கல்லீரலுக்குள் ஹாக்கி மட்டைபோல் வளையும் தொப்புள் சிரையும் ஒரே தளத்தில் தெரிய வேண்டும்; சிறுநீரகங்கள் தெரிந்தால் வெட்டு கீழே இறங்கிவிட்டது என்று பொருள். இரைப்பை தென்படாவிட்டால், அது அப்போதுதான் காலியாகியிருக்கலாம் என்பதால், அரை மணி நேரம் கழித்து மீண்டும் பார்ப்பதே முறை. தொப்புள்கொடி நுழையுமிடத்தில் கர்ப்பத்தின் ஏறத்தாழ 12 வாரம் வரை குடல் துருத்தியிருப்பது இயல்பே. பிறகும் நீடித்தால் மேற்பரிசோதனை தேவை. சிறுநீர்ப்பையின் இருபுறமும் தொப்புள் தமனிகள் ஓடுவதை வண்ண டாப்ளரில் (இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேன் முறை) எண்ணிக்கொள்ளலாம்.