ரிடையர்மென்ட் கம்யூனிட்டிக்குக் குடிபோகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரில் வடவள்ளி, துடியலூர், பேரூர் பக்கம் மூத்தோர் குடியிருப்புகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. சனி, ஞாயிறானால் வீடு பார்க்க வரும் தம்பதிகள் கேட்கிற கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. சதுர அடி என்ன விலை, ஏர்போர்ட் எவ்வளவு தூரம், உள்ளேயே கோயில் இருக்கிறதா? முன்பு வந்தவர்களும் இதைத்தான் கேட்டார்கள். அவர்கள் சறுக்கிய இடத்திலேயே இன்று வருகிறவர்களும் சறுக்குகிறார்கள். ரெரா பதிவு (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் செய்யும் பதிவு), வில்லங்கச் சான்று, யுடிஎஸ் (மனையில் உங்களுக்குச் சேரும் பிரிக்கப்படாத பங்கு) அளவு எல்லாம் எந்த வக்கீலும் பார்த்துச் சொல்லிவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடலாம். துணையும் வேண்டும், யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கவும் வேண்டும் என்று வந்துவிட்டு, இரண்டையும் கோட்டைவிடும் வழிகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நம்புவது

வீடு பார்க்க வருகிற நாளில் பாயசம் இருக்கும், எல்லாரும் சிரித்த முகமாக இருப்பார்கள். பணம் கட்டி கெஸ்ட் ரூமில் இரண்டு வாரம் தங்குங்கள். புதன்கிழமை இரவுச் சாப்பாடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் இரவு 2 மணிக்கு அழைப்பு மணியை அழுத்தி, யார் வருகிறார், எத்தனை நிமிடத்தில் வருகிறார், மாற்றுச் சாவி கொண்டுவருகிறாரா என்று கவனியுங்கள். (சோதித்துப் பார்க்கப் போகிறோம் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. எந்த நாள் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.)

பாத்ரூமில் மூன்று விஷயம் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், விழுந்தவர் அதை அடைத்துக்கொண்டு கிடக்கும்போது யாராலும் தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருகித் திறக்க முடிய வேண்டும். அழைப்பு மணியின் கயிறு கிட்டத்தட்ட தரைவரை தொங்க வேண்டும். பல இடங்களில் சுவிட்சை நாலடி உயரத்தில் வைத்திருப்பார்கள். வழுக்கி விழுந்தவருக்கு அந்த நாலடி எட்டாது.

இருவரை வைத்தே கணக்குப் போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொன்னாலும் "அதெல்லாம் இப்ப எதுக்குங்க" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இருவரில் ஒருவர் முன்னால் போகத்தான் போகிறார். மிச்சமிருப்பவருடைய காசு, வீடு, துணை மூன்றையும் குடிபோகும் முன்பே யோசித்தாக வேண்டும்.

முதலில் காசு. பழைய ஓய்வூதியத் திட்டப்படி மத்திய அரசு ஓய்வூதியம் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம். ஓய்வூதியர் 67 வயதைத் தாண்டி இறந்தால் துணைக்கு வருகிற குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். அதாவது 50,000 வந்த இடத்தில் 30,000. செலவும் அப்படியே இறங்குமா? ஓர் உதாரணக் கணக்கு: பராமரிப்பு 12,000, சாப்பாடு ஆளுக்கு 9,000. இருவருக்கு 30,000, ஒருவரானதும் 21,000. பராமரிப்பைச் சதுர அடிக்குத்தான் வாங்குகிறார்கள், அது பாதியாகாது. கையில் 20,000 மிஞ்சிய இடத்தில் 9,000 மிஞ்சும். மருந்து, போன், ஆட்டோ எல்லாம் அதற்குள். துணைக்கு ஒரு ஆயாம்மா வைக்க வேண்டிவந்தால் அந்த மாதமே கணக்கு உடைந்துவிடும். உங்கள் குடியிருப்பின் எண்களைப் போட்டு இதே கணக்கைப் பாருங்கள். பராமரிப்பை வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கூட்டுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேருமா என்றும் கேளுங்கள்.

ஊரில் இருந்த வீட்டை விற்ற பணம் முழுவதையும் வில்லாவில் போடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று பெட்ரூமுக்குப் பதில் ஒரு பெட்ரூம் வாங்கி, மிச்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். உச்சவரம்பு 30 லட்சம், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். கணவன் மனைவி கூட்டுக் கணக்காகத் தொடங்கினால், ஒருவர் போனபிறகு மற்றவர் அதைத் தொடரலாம்.

அடுத்தது வீடு. இன்னும் நிறையப் பத்திரங்கள் கணவர் பெயரில் மட்டுமே பதிவாகின்றன. உயில் எழுதாமல் அவர் போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவர் என எல்லாருக்கும் சம பங்கு. தாயார் இல்லை, மூன்று பிள்ளைகள் என்றால் மனைவிக்குக் கால் பங்குதான். வடவள்ளிப் பக்கம் ஓர் அம்மாவுக்கு இதுதான் நடந்தது. பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளாகத்தில் சின்ன வீட்டுக்கு மாற நினைத்தார். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளின் பவர் பத்திரம், அதற்கு இங்கே முத்திரைத்தாள் என்று ஒவ்வொன்றாக இழுத்தது. பிள்ளைகளுக்குள் மனஸ்தாபம் எதுவும் கிடையாது. காகித வேலை மட்டுமே அவ்வளவு. அதுவரை பெரிய வீட்டுக்கான பராமரிப்பைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

இருவர் பெயரிலும் பத்திரம் போட்டாலும் போதாது, இறந்தவரின் பாதி வாரிசுகளுக்குத்தான் போகும். ஆகவே இருவரும் தனித்தனியாக ஒருவருக்கொருவர் உயில் எழுதி வையுங்கள். இரண்டு சாட்சிகள் கட்டாயம், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்வது நல்லது. குத்தகை டெபாசிட் கட்டி வருகிறவர்கள், அந்தப் பணம் யார் பெயருக்கு, எத்தனை நாளில், எவ்வளவு பிடித்துக்கொண்டு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மறுவிற்பனையையும் இப்போதே கேட்டு வைக்க வேண்டும். இத்தனை வயதுக்கு மேற்பட்டவர்தான் குடியிருக்கலாம் என்ற விதி இருக்கும். அதனால் வாங்குகிற ஆட்களும் குறைவு, பிள்ளைகள் பிற்பாடு வந்து தங்கவும் முடியாது.

மூன்றாவது துணை. தம்பதியாக வருகிறவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இருவர் மேஜையில் உட்கார்ந்து, இருவராக நடந்து, இருவராக டிவி பார்த்து வருஷங்களை ஓட்டிவிடுகிறார்கள். ஒருவர் போனதும் மற்றவருக்கு அந்த வளாகத்தில் ஒருவர் பெயர்கூடச் சரியாகத் தெரிவதில்லை. இரங்கல் கேட்க வருகிறவர்களும் பதினைந்து நாளில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடிபோன முதல் மூன்று மாதத்துக்குள், மற்றவர் இல்லாமல் தனியாகச் செய்கிற வேலை ஒன்று இருவருக்குமே இருக்கட்டும். ஒருவருக்கு நூலகச் சாவி என்றால் இன்னொருவருக்குக் கொலு ஏற்பாடோ தோட்டமோ. வாரத்தில் ஒரு வேளையாவது வேறு வேறு மேஜையில் சாப்பிடுங்கள். கொஞ்ச நாள் கூச்சமாக இருக்கும்.

வங்கிக் கணக்கு 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் (இருவரில் யார் வேண்டுமானாலும், ஒருவர் போனபிறகு மற்றவரும் பணம் எடுக்கலாம்) இருக்கட்டும். மின்கட்டணம், பராமரிப்பு, ஓய்வூதியத்துக்காக நவம்பரில் தருகிற வாழ்நாள் சான்று ஆகியவற்றுக்கான வேலைகளை இருவரும் மாறி மாறிச் செய்து பழக வேண்டும். ஓடிபி வருகிற எண் ஒருவருடைய சிம்மில் மட்டும் இருந்தால், அந்த போனை அணைத்து வைத்த அன்றே மற்றவர் கை கட்டிப்போடப்படுகிறது.

டிபன் கேரியரை வழக்கமாக்குவது

காய்ச்சல் என்றால் வீட்டுக்கே சாப்பாடு வரவழைக்கலாம். மழை, வெயில், அலுப்பு என்று சாக்குச் சொல்லித் தினமும் வரவழைக்க ஆரம்பித்தால் வெளியே வருகிற ஒரே காரணமும் போய்விடும். சாப்பாட்டுக் கூடத்துக்கு மூன்று வேளை போய்வருவதுதான் பலருக்கும் அன்றைய நடை, அன்றைய பேச்சு எல்லாம். காலை இட்லிக்கு நீங்கள் வரவில்லை என்றால் பக்கத்து மேஜைக்காரர் விசாரிப்பார். கேரியர் தினமும் வாசலுக்கு வந்தால், நீங்கள் கதவைத் திறக்காததைக் கவனிக்கவும் ஆள் இருக்காது.

கைமாற்று

கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

அடுப்பை விட்டுக்கொடுப்பது

பொதுச் சமையல் இருந்தாலும் வீட்டில் ஓர் இண்டக்‌ஷன் அடுப்பாவது இருக்கட்டும். ரசம் வைத்துக் குடிக்க இன்னொருவர் அனுமதி தேவைப்படக் கூடாது.

'தன் வேலையைத் தானே செய்துகொள்பவர்' என்ற வரியைப் படிக்காமல் தாண்டிப் போவது

நிறைய ஒப்பந்தங்களில் இந்த வரி எங்காவது ஒரு பக்கத்தில் இருக்கும். குளிக்க, உடுத்த, கழிப்பறை போக ஆள் துணை தேவைப்பட்டாலோ, மறதி நோய் வந்தாலோ வீட்டைக் காலி செய்யச் சொல்லவும் அதில் இடமிருக்கலாம். அப்படிப்பட்ட நிலை வந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது, நிர்வாகமா, வெளி மருத்துவரா? உள்ளேயே பராமரிப்புப் பிரிவு இருக்கிறதா, அதில் எத்தனை படுக்கை? ஒருவர் அங்கே போனால் மற்றவர் வீட்டிலேயே இருக்கலாமா, இரண்டுக்கும் கட்டணம் உண்டா? வெளியிலிருந்து ஆயாம்மா அமர்த்திக்கொள்ளலாமா, அவர் இரவு தங்கலாமா? ஸ்ட்ரெச்சரைச் சாய்க்காமல் கொண்டுபோக லிப்ட் ஆறரை அடி ஆழமாவது இருக்கிறதா? முன்பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றுக்குப் பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன மேனேஜர் அடுத்த வருஷம் அங்கே இருக்கமாட்டார்.