தோப்பையும் வயலையும் பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவது எப்படி? ராமநாதபுரம் கடலோர விவசாயக் குடும்பங்களுக்கு

நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க வேண்டும் என்றதும் பலரும் நேராகப் பத்திரம் எழுதுபவரிடம் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவரிடம் கடைசியில் போனால் போதும். நிலத்தை அளந்து பிரிப்பதில் பெரிய சிக்கல் இல்லை. கிணறு, மோட்டார், பாதை, மரம் இந்த நாலும்தான் பின்னாளில் வழக்காக வந்து நிற்கும்.

புரிவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். உச்சிப்புளிப் பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு, அதில் ஒரே கிணறு. திருப்புல்லாணிப் பக்கம் நான்கு ஏக்கர் மானாவாரி நெல் வயல். அய்யா, அம்மா இருக்கிறார்கள். மூத்தவர் சவுதியில். மகளைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இளையவர்தான் ஊரில் இருந்து விவசாயம் பார்க்கிறார்.

படி 1: காகிதங்களை ஒன்றுசேருங்கள்

மூலப்பத்திரம், பட்டா, அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), வில்லங்கச் சான்று. பட்டாவை அரசின் இணையச் சேவைத் தளத்திலும், வில்லங்கத்தைப் பதிவுத்துறைத் தளத்திலும் வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம். பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 1980களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில் பெயர் மாறியது, அளவு குறைந்தது போன்ற பிழைகள் நிறைய ஊர்களில் இன்னும் திருத்தப்படாமல் கிடக்கின்றன. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், முதலில் அவருடைய வாரிசுச் சான்றிதழ் வாங்கி அந்தத் தலைமுறையை முடிக்க வேண்டும். கண்மாய் உள்வாயிலோ புறம்போக்கிலோ கொஞ்சம் உழுதுகொண்டிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது உங்கள் நிலம் இல்லை.

படி 2: யார் யாருக்குப் பங்கு என்று தெளிவாகுங்கள்

அய்யா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் என்றால் அவர் விரும்பியவருக்கு எழுதலாம். பூர்வீகச் சொத்து என்றால் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. தமிழ்நாடு 1989-லேயே மணமாகாத மகள்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே’ என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. மகள் பங்கு வேண்டாம் என்று மனதாரச் சொன்னால், விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம் குடும்பங்களில் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். உயிரோடு இருக்கும்போதே ஹிபா (தானம்) கொடுக்க அந்த வரம்பு இல்லை, ஆனால் நிலத்தை உண்மையிலேயே கைமாற்றியிருக்க வேண்டும்.

படி 3: கிணற்றையும் பாதையையும் முதலில் பேசுங்கள்

தோப்பை மூன்றாகப் பிரித்தால் கிணறு யாரோ ஒருவர் துண்டில் விழும். மற்ற இருவரும் ‘நாங்கள் தனியாக போர் போட்டுக்கொள்கிறோம்’ என்பார்கள். நம் கடலோர மணல் பூமியில் இது வினை. இங்கே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. ஆழமாகத் துளைத்தாலும் அளவுக்கு மேல் இறைத்தாலும் உப்பு மேலேறும். அப்புறம் மூன்று துண்டுக்கும் சேர்த்து மட்டை காயும். அதனால் கிணற்றைப் பொதுவில் வைப்பதே நல்லது. இன்னாருக்கு இன்ன நாள் தண்ணீர், மோட்டார் பழுதானால் செலவு எப்படி, இலவச மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும் என்பதெல்லாம் பத்திரத்திலேயே வரட்டும்.

பாதையும் அப்படித்தான். ‘மாமூல் பாதை’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த எல்லையை ஒட்டி, எத்தனை அடி அகலம், தேங்காய் ஏற்ற டிராக்டர் போகுமா என்று எழுதுங்கள். வரப்போரப் பனைகளை எண்ணி, எந்த வரிசை யாருக்கு என்றும் குறித்துவிடுங்கள்.

அடுத்தது விலை. ரோட்டோரத் தோப்புக்கு பிளாட் விலை சொல்ல ஆள் இருக்கும், மானாவாரி வயலுக்கு இருக்காது. பிளாட் விலையில் கணக்குப் போட்டால் ஊரில் இருக்கும் இளையவரால் யாருடைய பங்கையும் வாங்க முடியாது. விற்கும் எண்ணம் இல்லாத குடும்பம் விளைச்சல் வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுவதே நியாயம் என்பது என் கட்சி. யாராவது விற்பதானால் உடன்பிறந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டும் என்று சேர்த்துக்கொள்ளலாம், அந்த வாசகத்தை மட்டும் வக்கீல் பார்க்கட்டும். விற்கவே கூடாது என்று முழுத் தடை போட்டால் செல்லாது. இளையவர் இத்தனை வருடம் நட்ட கன்றுகளுக்கும் போட்ட வேலிக்கும் ஒரு மதிப்பு வைத்து, அதை அவர் பங்கில் சேர்ப்பதை மூத்தவர் வாயால் சொன்னால் இன்னும் நல்லது.

படி 4: எந்தப் பத்திரம்?

தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே பணம் வாங்காமல் எழுதிக்கொடுக்கும் பத்திரம், பதிவானால் நிலம் கைமாறிவிடும், பிள்ளை முரண்டு பிடித்தாலும் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது. உயில் எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும், அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு கட்டாயமில்லை, செய்வது நல்லது. பூர்வீகச் சொத்துக்குப் பாகப்பிரிவினை. இதில் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். சவுதியில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம்) எழுதி அனுப்பலாம்.

குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத்தாள் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இவை 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட தொகைகள். போகும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

மொத்த நிலத்தையும் ஒரே நாளில் எழுதிக் கொடுக்காதீர்கள் என்றுதான் அய்யாக்களிடம் சொல்வேன். தோப்பை செட்டில்மெண்ட் செய்து, வயலைத் தன் பெயரிலேயே வைத்து அதற்கு உயில் எழுதலாம். பி.எம். கிசானில் வருடம் 6,000 ரூபாய் வருகிறதென்றால் இது இன்னும் முக்கியம். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு பெயர் மாறிய நிலத்துக்கு, உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்ததாக இருந்தால் ஒழிய, அந்தப் பணம் கிடைக்காது. செட்டில்மெண்டில் ‘பெற்றோரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைக் கட்டாயம் எழுதுங்கள். அது இருந்தால், பராமரிக்காத பிள்ளைக்கு எழுதியதை 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். மனுவை ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) கொடுக்க வேண்டும். அம்மாவின் பெயரும் அந்த வாசகத்தில் இருக்கட்டும், பெரும்பாலும் அதைத்தான் மறக்கிறார்கள்.

படி 5: பதிவுக்குப் பிறகு

பத்திரம் கைக்கு வந்தால் வேலை முடிந்ததாக நினைத்து பீரோவில் வைத்துவிடுகிறோம். சர்வே எண் உடைகிறது என்றால் உட்பிரிவுக்கு மனுப் போட்டு, நில அளவர் வந்து அளந்து, தனிப் பட்டா வர வேண்டும். அவர் வருவதற்குள் எல்லையோரச் சீமைக் கருவேலத்தை வெட்டிவிடுங்கள். புதருக்குள் சங்கிலி இழுக்க முடியாமல் அவர் திரும்பிப் போனால் மறுபடி தேதி வாங்குவது பெரும்பாடு.

இந்த வேலையெல்லாம் மாசி அறுப்பு முடிந்ததும் தொடங்கி ஆவணிக்குள் முடியட்டும். புரட்டாசியில் விதைத்த பிறகு பட்டா ஒருவர் பெயரிலும், அடங்கல் இன்னொருவர் பெயரிலும், சொசைட்டிக் கடன் மூன்றாமவர் பெயரிலும் நின்றால், மழை பொய்த்த வருடம் பயிர்க் காப்பீட்டுப் பணம் யார் கணக்குக்கும் வராது.