இடுப்பு வலிக்கு டென்ஸ் வைப்பது எப்படி?

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் நாள் முழுக்க நிற்பவர்களும், திருப்பூரில் தையல் மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களும் இடுப்பு வலியோடு வந்தால், "கரண்டு வெச்சு விடுங்க" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கரண்டுகளில் பிசியோதெரபிக்குப் புதியவர்கள் முதலில் கையாளப் பழக வேண்டியது டென்ஸ் (TENS). தோலில் ஒட்டும் ஜெல் பேடு வழியே லேசான கரண்டை நரம்புக்குக் கொடுத்து வலியை அடக்கும் மெஷின் இது.

மெஷினைத் தொடும் முன் விசாரியுங்கள். பேஸ்மேக்கர், கர்ப்பம், புற்றுநோய், காலின் ரத்தக்குழாயில் ரத்த உறைவு, வலிப்பு, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வைக்காதீர்கள். கழுத்தின் முன்பக்கத்திலும் நெஞ்சுக்குக் குறுக்கேயும் யாருக்குமே வைக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி என்றால் கண்ணை மூடச் சொல்லி, வைக்கப்போகும் இடத்தில் குச்சியின் கூர்முனையாலும் மழுங்கிய முனையாலும் மாற்றி மாற்றித் தொடுங்கள். வித்தியாசம் தெரியாத தோலில் கரண்டு வேண்டாம்.

அடுத்தது தோல். பெரும்பாலானவர்கள் தைலமோ தேங்காயெண்ணெயோ தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். எண்ணெய் கரண்டைத் தடுக்கும். தடுக்காத நாலைந்து புள்ளிகளில் மட்டும் அது குவிந்து பாயும். "சுருக்கு சுருக்குன்னு குத்துதுங்க" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுங்கள். ஜெல் காய்ந்த பேடும், ஓரம் தூக்கிய பேடும் இதே மாதிரிதான் குத்தும்.

5 சென்டிமீட்டர் சதுரப் பேடு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பின் மேலே ஒட்டாமல், இடப்பக்கம் ஒரு சேனல் (ஒரே வயரில் வரும் இரண்டு பேடு), வலப்பக்கம் ஒரு சேனல் என்று வலிக்கு மேலும் கீழுமாக ஒட்டுங்கள். இரண்டு பேடுக்கு நடுவே குறைந்தது ஒரு பேடு அகலம் இடைவெளி வேண்டும். நெருங்கிவிட்டால் கரண்டு மேல்தோலோடு நின்றுவிடும்.

எல்லாக் குமிழும் சைபரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆன் செய்யுங்கள். 100 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 100 கரண்டுத் துடிப்பு), பல்ஸ் அகலம் (ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம்) 100 மைக்ரோ செகண்டு என்று வையுங்கள். குமிழை மெல்ல ஏற்றிக்கொண்டே கேளுங்கள். எறும்பு ஊர்வதுபோல் தொடங்கும் உணர்வு அழுத்தமான விறுவிறுப்பாக மாற வேண்டும். வலிக்கவோ தசை துடிக்கவோ கூடாது. குமிழில் இருக்கும் எண் அளவுகோல் அல்ல, நோயாளி சொல்வதுதான் அளவுகோல். ஐந்து நிமிடம் கழித்து "ஒண்ணுமே தெரியலீங்க" என்பார். நரம்பு பழகிவிட்டது, சற்றே ஏற்றுங்கள். மொத்தம் 30 நிமிடம்.

ஏற்றியும் ஒன்றும் தெரியவில்லையா? தயவுசெய்து குமிழ் மேலே இருக்கும்போது வயரை ஆட்டிப் பார்க்காதீர்கள். விட்டுப்போன இணைப்பு திடீரென்று சேர்ந்தால் முழுக் கரண்டும் ஒரே அடியாய் இறங்கி, நோயாளி துள்ளிவிடுவார். முதலில் சைபர், பிறகு வயர், பேடு, பேட்டரி.

முடிந்ததும் சைபருக்குக் கொண்டுவந்து ஆஃப் செய்த பிறகே பேடை உரியுங்கள். லேசான சிவப்பு தானாக மறையும். மறையாமல் அரித்தால் ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு ரகப் பேடுக்கு மாற்றுங்கள். ஒருவருக்கு ஒட்டிய பேடை இன்னொருவருக்கு ஒட்டவே கூடாது.

டென்ஸ் வலியை அடக்கும், இடுப்பைப் பலப்படுத்தாது. அதனால் வலி அடங்கியிருக்கும்போதே, மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பைத் தரையோடு அழுத்தி 5 விநாடி நிறுத்தும் பயிற்சியை 10 தடவை செய்ய வைத்து அனுப்புங்கள்.